குருதியின் குறையை ஆய்ந்த அம்மையார்

மார்மைற் என்னும் கரிய களியை அறியாத வீடு இலங்கையில் அரிது. காய்ச்சல் விட்டெழுந்த பிள்ளைக்கு வெந்நீரிற் கரைத்துக் கொடுப்பதும், பாணிற் பூசி உண்பதும், சோற்றுக் கஞ்சியிற் கலந்து பருகுவதும் இங்கு நெடுநாள் வழக்கம். மதுபானம் வடித்தபின் தொட்டியின் அடியிற் படிந்து கிடக்கும் மதுவத்தை உருக்கியெடுத்து, 1902 இல் இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரத்திலே முதன்முதல் அதனைச் செய்து விற்கத் தொடங்கினர். கழிவுப் பொருளிற் பிறந்த அக்களி மருத்துவ வரலாற்றிலும் ஓரிடம் பெற்றது. அவ்விடத்தை அதற்குத் தேடிக் கொடுத்தவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. அவருடைய வாழ்க்கையைத் தமிழ் வாசகர்க்குச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம்.

அவ்விருப்பம் எனக்கு உண்டானதற்கு நான் வாழும் இடமும் ஒரு காரணம். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகிய இடங்கள் இன்று பாலங்களாலும் தாம்போதிகளாலும் யாழ்ப்பாணத்தோடு இணைந்துவிட்டன. நயினாதீவும் நெடுந்தீவும் அவ்வாறல்ல. குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகிற் செல்ல ஏறத்தாழ ஒரு மணிநேரமாகும். சோளகம் எழுந்து வீசும் நாட்களில் அந்த ஒரு மணிநேரம் எத்துணை நீளமானது என்பதைப் பயணம் செய்தவர் அறிவர். இத்தகைய இடத்திலே ஒரு தாயின் உடலில் எவ்வளவு குருதி இருக்கிறது, அது எத்தகைய குருதி என்பது வெறும் மருத்துவக் கணக்கு அன்று. பேறு வேளையில் ஓரளவு குருதி போனால், நல்ல உடலுடையவள் தாங்கிக்கொள்வாள். சோகை பிடித்தவளுக்கு அதே அளவு உயிரிழப்பாக முடியும். அவளுக்கும் பெரிய வைத்தியசாலைக்கும் இடையே கடல் கிடக்கிறது.

சோகையை நம் முன்னோர் அறியாதவரல்லர். சித்த வைத்தியர் அதனைப் பாண்டு என்றனர்; அயச் செந்தூரம் கொடுத்தனர். மேல்நாட்டிலும் 17ஆம் நூற்றாண்டில் சிடன்ஹாம் என்னும் வைத்தியர் வெளிறிய பெண்களுக்கு இரும்புத் தூளை மதுவில் ஊறவைத்துக் கொடுத்தார். கடலின் இருபுறத்திலும் ஒரே மருந்து வழங்கியதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்புண்டாகும். ஆனால் இரும்பு கொடுத்தும் தீராத சோகை ஒன்று உண்டு. அதன் காரணத்தைத் தேடிப் புறப்பட்டவர்தாம் நம் அம்மையார்.

லூசி வில்ஸ் 1888 ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி, பேர்மிங்காம் நகரையடுத்த சட்டன் கோல்ட்பீல்ட் என்னும் ஊரிற் பிறந்தார். குடும்பத் தொழில் வெட்டிரும்பு செய்தல். அரிவாளும் புல்லறுக்கும் கத்தியும் அவர்களுடைய பட்டறையில் உருவாகி நாடெங்கும் சென்றன. இரும்பை வடித்த வீட்டிற் பிறந்த பெண், இரும்பு தீர்க்காத நோயொன்றை ஆராயப் போனார் என்பது கதை கட்டியதுபோலத் தோன்றும். ஆயினும் உண்மை அதுவே. தந்தையார் விஞ்ஞானப் பட்டதாரி. தாவரம், பாறை, விலங்கு ஆகிய இயற்கைப் பொருள்களிலே அக்குடும்பத்தார் அனைவர்க்கும் ஈடுபாடு இருந்தது. லூசியின் சகோதரர் லெனாட் வில்ஸ் பிற்காலத்தில் பெயர்பெற்ற புவிச்சரிதவியலாளரானார்.

செல்ற்றனம் மகளிர் கல்லூரியிற் பயின்றபின், 1907 இல் கேம்பிறிட்ஜ் நியூன்ஹாம் கல்லூரியில் அவர் சேர்ந்தார். தாவரவியலும் புவிச்சரிதவியலும் அவர் எடுத்துக்கொண்ட பாடங்கள். 1911 இற் படிப்பு முடிந்தது. தேர்வில் இரண்டாம் வகுப்பிற் சித்தியடைந்தார். ஆனாற் பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் தேர்வெழுதலாம், சித்தியும் அடையலாம், பட்டம் மட்டும் பெறலாகாது என்பது அக்காலத்துக் கேம்பிறிட்ஜின் விதி. 1948 வரை அந்த விதி அங்கே நிலைத்து நின்றது. பெண் கல்வியில் நம்மைப் பின்தங்கியவர் என்று மேல்நாட்டார் எழுதிவைத்த நூல்களைப் படிக்கும் மாணவர் இதனையும் சேர்த்துப் படித்தல் நலம்.

அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். 1913 இல் மூத்த சகோதரியும் இளம்வயதில் மறைந்தார். அத்துயரத்தின் பின்னர் லூசி தம் தாயாரோடு கப்பலேறி இலங்கைக்கு வந்தார். உறவினரும் நண்பரும் இங்கிருந்தனர். அப்போது அவர் மருத்துவரல்லர். மருத்துவராகும் எண்ணமும் உறுதிப்படவில்லை. பிற்காலத்தில் தம் பெயரோடு இணையப்போகும் நோயைத் தாங்கிய தாய்மார் வாழும் வெப்ப மண்டலத்தில் அவர் காலடி வைத்தது துக்கம் ஆற்றுவதற்காகவே.

அடுத்த ஆண்டு தம்பி ஒருவரோடு தென்னாபிரிக்கா சென்றார். உளப்பகுப்பாய்வாளர் பிராய்டின் கொள்கைகளில் அவருக்கு அப்போது ஆர்வம் மிகுதி. உளவியலைப் படிக்கலாமா என்றும் சிந்தித்தார். 1914 ஆகஸ்டில் முதலாம் உலகப் போர் மூண்டது. தம்பி படையிற் சேர்ந்தார். தமக்கை கேப்ரவுண் வைத்தியசாலையொன்றில் தொண்டர்ப் பணியாளராகிக் காயமுற்றோரைப் பராமரித்தார். அப்பணியிலேதான் அவருடைய மனம் ஒருவழிப்பட்டது எனலாம். இங்கிலாந்து திரும்பி, 1915 இல் இலண்டன் மகளிர் மருத்துவப் பாடசாலையிற் சேர்ந்தார். பிரித்தானியாவிற் பெண்களுக்கு மருத்துவம் கற்பிப்பதற்கென்றே முதலில் அமைந்த பாடசாலை அது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து வைத்தியசாலைகளில் உழைத்த பெண் மருத்துவர் பலர் அங்கே பயின்றவரே.

1920 இல், 32 ஆம் வயதில், அவர் மருத்துவரானார். நோயாளரைப் பார்த்துப் பொருளீட்டும் வழியை அவர் நாடவில்லை. றோயல் பிறீ வைத்தியசாலையில் கருவுற்ற தாய்மாரின் உடலிலே நிகழும் மாற்றங்களை ஆராயும் பகுதியில் அமர்ந்தார். நோயாளரின் கட்டிலுக்கும் ஆய்வுகூட மேசைக்கும் இடையிலே அவர் காலம் கழிந்தது.

1928 இல் இந்தியா அவரை அழைத்தது. இந்தியாவிலே நெடுங்காலம் மருத்துவப் பணி செய்த மார்கரெட் பல்போர் என்னும் அம்மையார் மகப்பேற்றில் நேரும் மரணங்களைப் பற்றிய விசாரணையொன்றைத் தொடங்கியிருந்தார். பம்பாயிலே பஞ்சாலைத் தொழிலாளரான பெண்கள் பலர் கருவுற்ற பிற்பகுதியிற் கடுஞ்சோகைக்கு ஆளாகி இறந்தனர். இந்நோயின் காரணத்தைக் கண்டறியும் பொறுப்பு லூசி வில்ஸ் கையில் ஒப்படைக்கப்பட்டது. பம்பாய் ஹாவ்கின் ஆய்வுநிலையம் அவருக்கு இடமளித்தது.

இங்கே நோயைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டியுள்ளது. குருதியின் செந்நிறம் ஈமோகுளோபின் என்னும் பொருளால் வருவது. அது இரும்பும் புரதமும் கூடியமைந்தது. இரண்டில் எது குறைந்தாலும் அது உருவாகாது. இரும்பு குறைந்தவருடைய குருதியை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், செங்குழியங்கள் சிறுத்து வெளிறிக் கிடக்கும். பம்பாய்த் தாய்மாரின் குருதியோ அவ்வாறில்லை. அவர்களுடைய செங்குழியங்கள் இயல்பினும் பெருத்திருந்தன. எண்ணிக்கையிலோ மிகக் குறைந்திருந்தன. வீட்டிற் பிள்ளைகளின் தொகை குறைந்து, இருப்பவர் மட்டும் வீங்கிப் பருத்தாற்போல என்று என் மாணவர்க்கு நான் சொல்வதுண்டு. என்புமச்சையிலே கலங்கள் வளர்கின்றன. ஆனால் இரண்டாகப் பிரிய மாட்டாமல் நின்றுவிடுகின்றன. பிரிவதற்கு வேண்டிய ஏதோ ஒன்று அவற்றுக்குக் கிடைக்கவில்லை. அது யாதென்பது 1928 இல் ஒருவர்க்கும் தெரியாது.

மேல்நாட்டில் இதையொத்த ஒரு நோய் முன்னரே அறியப்பட்டிருந்தது. கொடுஞ்சோகை என்பது அதன் பெயர். 1926 இல் மைனற், மேர்பி என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் ஈரலை நாள்தோறும் உண்ணக்கொடுத்து அதனைத் தீர்த்தனர். அவர்கட்கு வழிகாட்டியவர் நாய்களிலே ஆராய்ச்சி நடத்திய விப்பிள். இம்மூவருக்கும் 1934 இல் நோபெல் பரிசு கிடைத்தது. பம்பாய் நோயும் கொடுஞ்சோகையும் ஒன்றா, வேறா? ஈரலே மருந்தென்றால், நாட்கூலிக்கு உழைக்கும் பெண் அதனை வாங்குவதெப்படி? அன்றாடம் ஈரல் வாங்கக் கூடியவளுக்கு அந்நோய் வந்திருக்குமா என்பதையும் கேட்க வேண்டுமல்லவா?

லூசி வில்ஸ் முதலிற் கிருமியைத் தேடினார். குடலிலே ஏதேனும் தொற்று இருக்குமோ என்று ஆராய்ந்தார். ஒன்றும் அகப்படவில்லை. பின்னர் அவர் செய்த காரியமே அவரை மற்றையோரினின்றும் பிரித்துக் காட்டுவது. ஆய்வுகூடத்தை விட்டுத் தாய்மாரின் அடுக்களைப் பக்கம் திரும்பினார். யார் என்ன உண்கிறார், எவ்வளவு உண்கிறார், காய்கறி எத்தனை நாளுக்கொருமுறை, பால் உண்டா, இறைச்சி உண்டா என்று வகுப்பு வகுப்பாக, சமயம் சமயமாக விசாரித்தார். மேத்தா, தல்பாடே முதலிய இந்திய உதவியாளர் அவரோடு உழைத்தனர். ஆய்வுக் கட்டுரைகளில் அவர்கள் பெயர்களும் அவர் பெயரோடு அச்சாகியுள்ளன. வசதியுள்ளோரிடம் இந்நோய் அரிது. வறியவரிடமே, அவருள்ளும் காய்கறியும் புலாலும் மிகக் குறைவாக உண்டவரிடமே மிகுதி என்பது புலனாயிற்று.

1929 இல் அவர் குன்னூருக்குச் சென்றார். நீலகிரி மலையிலே பாஸ்டர் ஆய்வுநிலையத்தில் ரொபேட் மக்காறிசன் உணவு பற்றிய ஆராய்ச்சியை நடத்தி வந்தார். மக்காறிசன் இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து, எக்கூட்டம் நன்கு வளர்கிறது எனப் பார்த்தவர். கோதுமையும் பாலும் பருப்பும் கீரையும் கொண்ட சீக்கியருணவு முதலிடம் பெற்றது. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னைப் பக்கத்துணவு மிகப் பின்னே நின்றது. தமிழர்க்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியன்று. ஆயினும் மறைக்கத் தக்கதுமன்று.

குன்னூரில் வில்ஸ் அம்மையார் பம்பாய் ஏழைத்தாயின் உணவை எலிகளுக்குக் கொடுத்தார். கருவுற்ற எலிகள் சோகையுற்றன. பல ஈனுமுன்னே இறந்தன. மதுவத்தை உணவிற் சேர்த்தபோது சோகை வரவில்லை. வழி திறந்துவிட்டதென்றே தோன்றியது. ஆனால் அந்த எலிகளிற் பேன் பற்றியிருந்தது. பேன் வழி வந்த தொற்றும் சோகையை உண்டாக்கக் கூடியது. எது உணவால் வந்தது, எது பேனால் வந்தது என்று பிரித்தறிய இயலாத குழப்பம் நேர்ந்தது. வேறொருவராயின் முடிவு தமக்குச் சாதகமாயிருக்கிறதென்று அதனையே நிலைநாட்ட முயன்றிருக்கக் கூடும். அம்மையார் குரங்குகளை வைத்து முழு வேலையையும் மீண்டும் நடத்தினார். குறைந்த உணவால் அவையும் பெருங்குழியச் சோகையுற்றன. மிக நலிந்து கிடந்த குரங்கொன்றுக்கு மார்மைற் கொடுக்க, அது தேறி எழுந்தது.

பின்னர் தாய்மாருக்கும் கொடுத்தார். பயன் விரைவிலே தெரிந்தது. சில நாட்களிற் புதிய செங்குழியங்கள் குருதியிலே தோன்றலாயின, நோயாளிக்குப் பசியெடுத்தது, முகம் தெளிந்தது. 1931 ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் அவர் இதனை வெளியிட்டார். ஈரல் விலை மிக்கது. மார்மைற்றோ ஏழை வைத்தியசாலையும் வாங்கக் கூடியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் அவர் சென்னையிற் பணியாற்றினார். அக்காலத்துச் சாதி-கோஷா வைத்தியசாலையே அவர் இருந்த இடம். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி வைத்தியசாலை என நிற்பது அதுவே. முக்காடிட்ட முஸ்லிம் பெண்களும் ஆண் மருத்துவர் முன்வரத் தயங்கிய இந்துப் பெண்களும் அங்கே வந்தனர். ஆகவே இந்த ஆராய்ச்சியிலே தமிழ்த் தாய்மாரின் குருதியும் சேர்ந்திருக்கிறது. ஆய்வேட்டில் அவர்கள் எண்களாகவே நிற்கின்றனர், பெயரில்லை. நோபெல் பரிசு பெற்றோர் பட்டியலை மனனம் செய்யும் நம் மாணவர்க்கு வில்ஸ் அம்மையாரின் பெயரே தெரியாதபோது, அத்தாய்மாரின் பெயரை யார் கேட்கப் போகிறார்கள்!

ஈரலும் மார்மைற்றும் இந்நோயைத் தீர்க்கின்றன. அப்படியாயின் இரண்டிலும் இருப்பது ஒரே பொருள்தானா? பலரும் ஒன்றென்றே கருதினர். 1937 இன் இறுதியில் அவர் மறுபடியும் பம்பாய்க்கு வந்தார். இம்முறை நீர்மேல் இறங்கும் விமானத்தில், சவுதாம்ரனிலிருந்து கராச்சிக்கு 5 நாட்களில் வந்து சேர்ந்தார். நன்கு சுத்திசெய்த ஈரற்சாறு கொடுஞ்சோகையைத் தீர்த்தது. பம்பாய்த் தாய்மாரின் சோகையைத் தீர்க்கவில்லை. சுத்திசெய்யாத ஈரற்சாறும் மார்மைற்றும் தீர்த்தன. எனவே சுத்திசெய்யும்போது வெளியே எறியப்படும் பகுதியிலேதான் இந்த இரண்டாம் பொருள் இருக்கிறது என்று 1938 இல் எழுதினார். ஒரு பொருளைக் கண்ணாற் காணாமலே, அது இருக்குமிடத்தையும் இல்லாத இடத்தையும் வரையறுத்துச் சொன்ன அந்த நுட்பத்தை நான் அவருடைய வாழ்வின் உச்சமாகக் கருதுகிறேன். மார்மைற் குரங்கின் கதை எல்லோரும் சொல்வது. இதைச் சொல்வோர் சிலரே.

அப்பொருளை வில்ஸ் காரணி என்று பிறர் அழைக்கலாயினர். 1941 இல் அமெரிக்காவிலே தெக்சாசில் மிச்சல், ஸ்நெல், வில்லியம்ஸ் என்போர் பெருந்தொகையான பசளிக்கீரையை அரைத்து வடித்து ஓர் அமிலத்தைப் பிரித்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்குப் போலிக்கமிலம் என்று பெயரிட்டனர். 1945 இல் லெடர்லி ஆய்வுகூடத்தார் அதனைச் செயற்கையாகவே ஆக்கினர். அந்த ஆராய்ச்சியைத் தலைமை தாங்கி நடத்தியவர் எல்லப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1923 இல் அமெரிக்கா சென்றவர். ஸ்புரூ என்னும் கழிச்சல் நோய்க்குத் தம் சகோதரர் இருவரைப் பறிகொடுத்தவர். அந்நோயிற் குடல் இதே போலிக்கமிலத்தை உறிஞ்ச மாட்டாமற் போகிறது என்பதை நினைத்தால், தென்னிந்தியாவின் துயரம் ஒன்று சுற்றிச் சென்று தனக்குரிய மருந்தைத் தேடியதென்று சொல்லத் தோன்றுகிறது.

இனி இரும்பின் பக்கம் வருவோம். போலிக்கமிலம் கிடைத்ததும் என்புமச்சை வேகமாகச் செங்குழியங்களை ஆக்கத் தொடங்கும். அப்போது இரும்பு தேவைப்படும். ஒரு குறையை நிரப்பினால் மற்றைய குறை வெளிப்படும். வறிய தாய்க்கு ஒரு குறை மட்டும் இருப்பது அரிது. இதனை அம்மையார் நன்கறிந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பங்கீட்டு உணவு உண்ட இங்கிலாந்துத் தாய்மாரின் ஈமோகுளோபினை அவரும் உடனுழைத்தோரும் அளந்து வந்தனர். பங்கீட்டுத் திட்டத்தால் என்ன மாற்றம், எல்லாத் தாய்மார்க்கும் இரும்பு கொடுப்பதால் என்ன மாற்றம் என்று ஆராய்ந்து 1947 இல் வெளியிட்டனர்.

ஓர் ஆளின் உடலிலுள்ள இரும்பு முழுவதையும் திரட்டினாலும் 3 அல்லது 4 கிராமுக்கு மேல் இராது. ஒரு பெரிய ஆணியின் எடைதான். ஆனால் ஒரு பேறு முழுவதற்கும் தாய்க்கு வேண்டும் இரும்பு ஏறத்தாழ 1 கிராம். அவ்வளவையும் உணவிலிருந்து குடல் உறிஞ்சியாக வேண்டும். இங்கேதான் புரதம் இரண்டாம் முறை கதையில் நுழைகிறது. மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பில் ஒரு பகுதி, குருதியின் செம்பொருளாகவே அமைந்திருப்பதால் 100 இல் 15 முதல் 35 பங்கு வரை உறிஞ்சப்படும். அரிசி, பருப்பு, கீரை இவற்றின் இரும்பிலோ 2 முதல் 20 பங்கு வரையே உடலிற் சேரும். கீரையை அடைந்தால் இரும்பை அடைந்தோம் என்று எண்ணுதல் தகாது.

அம்மையார் மறைந்த பின்னர், 1968 இல், வெனிசுவேலா நாட்டில் மிகுவேல் லைறிசேயும் அவர் கூட்டத்தாரும் ஒரு புதுமையைக் கண்டனர். சோளத்தையும் அவரையையும் தனியே உண்ணும்போது உடலிற் சேரும் இரும்பு, அவற்றோடு மீனோ கன்றிறைச்சியோ சேர்த்து உண்டால் மிகுந்தது. மீன் தன்னுடைய இரும்பை மட்டும் கொடுத்துப் போகவில்லை. பக்கத்திலிருந்த தானியத்தின் இரும்பையும் கைகொடுத்துத் தூக்கிவிட்டது. 1976 இல் அமெரிக்காவில் குக், மொன்சன் என்போர் இதனை மேலும் ஆராய்ந்தனர். முட்டைப் புரதத்துக்குப் பதிலாக மாட்டிறைச்சி, கோழி, மீன், ஈரல் இவற்றுள் ஒன்றை வைத்தபோது இரும்பின் அகத்துறிஞ்சல் 2 முதல் 4 மடங்காயிற்று. பாலையும் பாற்கட்டியையும் வைத்தபோது அவ்வாறு ஆகவில்லை. ஆகவே எல்லாப் புரதமும் ஒரு தன்மையனவல்ல. தசைப் புரதம் சமிபாடடையும்போது வெளிப்படும் சிறு துண்டுகள், குறிப்பாகக் கந்தகம் கொண்ட சிஸ்ரீன் என்னும் அமினோவமிலம் உள்ளவை, இரும்பைப் பற்றிக் கரைந்த நிலையிலே வைத்திருக்கின்றன என்று கருதுகின்றனர். பாலும் முட்டையும் உடலுக்கு நல்லனவே. ஆயினும் இரும்புக்கு அவை தோழரல்ல.

இதனைப் படித்தபோது எனக்கு எங்கள் தீவுகளின் ஒடியற் கூழ் நினைவுக்கு வந்தது. பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மா. அதிலே மீன், நண்டு, இறால். கூடவே பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, சிலர் இடும் முருங்கையிலை. யாவற்றுக்கும் மேலே பழப்புளி. மாவிலும் காயிலும் உள்ள இரும்பைக் கடலுணவின் தசைப் புரதம் தூக்குகிறது. புளியின் அமிலமும் இரும்பைக் கரைநிலையில் வைக்க உதவுகிறது. இதனை ஆக்கிய கிழவிமார் ஒருவரும் ஆய்வுகூடம் கண்டவரல்லர். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கரைத்து மீன்கறி ஆக்கிக் கொடுப்பதும், பால்சுறாவை வறை செய்து கொடுப்பதும் அவ்வாறே. அதற்காக, பழையன யாவும் விஞ்ஞானமே என்று மார்தட்டுவோரோடு நான் சேரமாட்டேன். உண்டவுடன் தேநீர் பருகும் வழக்கமும் நம்மிடம் வந்து ஊன்றிவிட்டது. தேயிலையின் துவர்ப்பு இரும்பைக் கட்டிப் போட்டுவிடும். வறிய வீட்டில் மீன் பிடிப்பவன் மனைவி நல்ல மீனைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வெறுந்தேநீரோடு பாண் தின்னும் காட்சியும் இங்கு உண்டு. கடல் சூழ்ந்த இடத்திற் சோகை ஏன் என்று கேட்போர் அதனையும் பார்க்க வேண்டும்.

புலால் உண்ணாத சைவ வீடுகள் தீவுகளிற் பல. நயினை நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் மற்றையோரும் மச்சம் விலக்குவர். அவர்களுக்கு வழியில்லையா என்றால், உண்டு. தேசிக்காய், நெல்லி, கொய்யா இவற்றிலுள்ள விற்றமின் சீ தாவர இரும்பை உறிஞ்ச உதவுவது. வல்லாரைச் சம்பலிலே தேசிக்காய் பிழியும் கை செய்வதும் அதுவே. அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழிதல் நன்று, கொதியில் அச்சத்து அழிந்துபோம். முருங்கையிலையும் கீரையும் பயறும் போலிக்கமிலத்தையும் தரும். அதுவும் நெடுநேரம் அவித்து நீரை வடித்தால் நீரோடே போய்விடும்.

லூசி வில்ஸ் 1947 இல் றோயல் பிறீ வைத்தியசாலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். ஜமேக்கா, பீஜி, தென்னாபிரிக்கா ஆகிய இடங்களுக்குச் சென்று உணவையும் சோகையையும் ஆராய்ந்தார். பீஜித் தீவுகளிலே கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியரின் வழித்தோன்றல்களும் பழங்குடியினரும் அருகருகே வாழ்பவர். அவருள் தமிழரும் உளர். மீண்டும் தீவுகள், மீண்டும் வறிய தாய்மார்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. வைத்தியசாலைக்குத் துவிச்சக்கர வண்டியிலே போய் வருவார், மலையேறுவார், பனிமேற் சறுக்கிச் செல்வார், தோட்டம் வளர்ப்பதில் மிக்க விருப்புடையவர். அதிகாரத்தையும் ஆடம்பரத்தையும் கண்டால் அவருக்கு நகைப்பே வரும் என்று அவரோடு பழகியோர் எழுதியுள்ளனர். வாழ்வின் இறுதிப் பத்தாண்டில் இலண்டன் செல்சி நகரசபையிலே தொழிற் கட்சி உறுப்பினராய் இருந்தார். பம்பாயிலே அடுக்களை அடுக்களையாகக் கேட்டறிந்தவர் நகரசபையில் ஏழைகளின் குடியிருப்புக்கும் உணவுக்கும் குரல்கொடுக்கப் போனதிலே எனக்கு வியப்பில்லை. 1964 ஆம் ஆண்டு ஏப்ரில் 16ஆம் திகதி அவர் காலமானார்.

அவர் அறியாத ஒரு பயன் பின்னர் வெளிப்பட்டது. கருத்தரிக்கும் முன்னரும் முதல் வாரங்களிலும் போலிக்கமிலம் உட்கொண்டால், குழந்தையின் முள்ளந்தண்டு மூடாமற் பிறக்கும் குறை பெரும்பாலும் தவிர்க்கப்படும் என்று பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் பரிசோதனை 1991 இல் நிறுவியது. 100 இல் 72 பங்கு காப்பு என்பது அதன் கணக்கு. இலங்கையின் தாய்சேய் நல நிலையங்களிலே இரும்பு மாத்திரை, போலிக்கமிலம், விற்றமின் சீ ஆகியவற்றைத் தாய்மார்க்கு விலையின்றிக் கொடுக்கிறார்கள். இரும்பு மாத்திரையைத் தேநீரோடும் பாலோடும் விழுங்கலாகாது என்று குடும்பநல மாது ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறார். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அந்த மாத்திரைகள் பிரயாணிகளோடும் மாச்சாக்குகளோடும் படகேறியே வருகின்றன.